"அப்பா கொச்சிக்குப் போயிருக்காரு": எத்தனை நாள் சொல்வது?

அன்புள்ள ஆலோசகருக்கு,

என் வீட்டுக்காரர் விசைப்படகு டிரைவர். இலங்கைக் கடற்படை பிடித்துப்போய் ஐந்து வாரம் ஆகிறது. யாழ்ப்பாணம் சிறையில் இருக்கிறார். எட்டாவது படிக்கும் மகளுக்கு விஷயம் தெரியும். ஆறு வயசு மகனிடம், அப்பா கொச்சிக்குத் தங்கல் தொழிலுக்கு (பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க) போயிருக்கார் என்று சொல்லி வைத்திருக்கிறோம். பாயில் சிறுநீர் போவது நின்று இரண்டு வருஷமாச்சு. இப்போது மறுபடி போகிறான். அப்பா கைலியைப் போர்த்தினால்தான் தூங்குகிறான். அழுக்கேறிவிட்டதே என்று எடுத்தால் கத்துகிறான். மகளுக்குப் பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்தில் மட்டும் வயிற்று வலி. நான் என்ன செய்ய?

ஒரு வாசகி, தங்கச்சிமடம்

அன்புச் சகோதரிக்கு,

மகனிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். படகு பிடிபட்ட செய்தி உங்கள் தெருவுக்கே தெரியும். வகுப்பில் எவனாவது சொல்லித் தெரிந்தால், இனி நீங்கள் சொல்லும் எதையும் அவன் நம்பமாட்டான். இந்த வயசுப் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. காரணம் புரியாத இடத்தில் தன்னையே காரணமாக்கிக்கொள்வார்கள்: 'நான் அடம்பிடிச்சேன், அதான் அப்பா வரல.'

இரவில் சொல்ல வேண்டாம். லீவு நாளில், பகலில், மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். "அப்பா மீன்பிடிக்கப் போன இடத்துல இலங்கை நேவி பிடிச்சிருச்சு. அது அவங்க கடல்னு சொல்றாங்க. இப்ப யாழ்ப்பாணம் ஜெயில்ல இருக்காங்க. நீ செஞ்ச எதுனாலயும் இல்ல. முன்னாடி பொய் சொன்னது அம்மா தப்பு." இவ்வளவு போதும். மறுநாளும் அதையே கேட்பான். அதே வார்த்தைகளில் சொல்லுங்கள்.

தேதி விஷயத்தில்தான் பல வீடுகளில் தப்பு நடக்கிறது. காவலை வாய்தாவுக்கு வாய்தா நீட்டிக்கொண்டே போவார்கள். "அன்னைக்கு அப்பா வந்துருவாங்க" என்று சொல்லிவிட்டால், ஒவ்வொரு நீட்டிப்பிலும் பிள்ளை புதிதாக உடையும். காலண்டரில் வட்டம் போட்டு, "அன்னைக்குக் கோர்ட்" என்று மட்டும் சொல்லுங்கள். மற்றவர்களை விட்டுவிட்டு டிரைவருக்கு மட்டும் தண்டனை கொடுத்த வழக்குகள் உண்டு. அடுத்த வீட்டு அப்பா வந்து தன் அப்பா வராத நாள் மகளுக்கு மிகக் கொடியது. அவளிடம் மட்டும் இப்போதே சொல்லி வையுங்கள்.

வயிற்று வலிக்கு ஒருமுறை டாக்டரிடம் காட்டுங்கள். உடம்பில் ஒன்றுமில்லை என்றால், பாதி நாளாவது பள்ளிக்கூடம் அனுப்புங்கள். ஒரு வாரம் நின்றால் திரும்பப் போவது கஷ்டம். வகுப்பு டீச்சரை நேரில் பார்த்து, மற்ற பிள்ளைகள் முன்னால் அப்பாவைப் பற்றி விசாரிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மீன்துறை நிவாரணத்துக்கு அலைய உங்கள் அண்ணன் தம்பி யாராவது துணைக்கு வரட்டும், மகள் வேண்டாம். "இனி நீதான் வீட்டைப் பாக்கணும்" என்று அவளிடம் யாரும் சொல்லக் கூடாது, அம்மாச்சி உட்பட.

பாய் நனைந்ததற்குத் திட்டாதீர்கள். படுப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே தண்ணீரைக் குறைத்து, படுக்கும்போது ஒருமுறை போகச் சொல்லுங்கள். எரிச்சல், காய்ச்சல், அடங்காத தாகம் இருந்தால் அது வேறு. உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். உங்களுக்கே தாங்கமுடியாத இரவில் அரசின் மனநல உதவி எண் 14416-க்கு அழைக்கலாம், கட்டணம் கிடையாது. பிள்ளைகளுக்கான உதவி எண் 1098.

கைலியை இப்போதைக்குத் துவைக்க வேண்டாம். அதில் அவன் அப்பா வாசனை இருக்கிறது.