பாடிபில்டர்களுக்கு வயிறு ஏன் உப்பித் தெரிகிறது?

சுங்கை சிப்புட்டில் ஜிம்முக்குப் போகும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: உடம்பெல்லாம் தசையாக இருக்கும் போட்டியாளர்கள் சிலருக்கு மேடையில் வயிறு மட்டும் ஏன் முன்தள்ளி நிற்கிறது?

தோலுக்கடியில் கொழுப்பு அவ்வளவு குறைந்திருக்கும்போது அது வழக்கமான தொப்பை இல்லை. அதிகம் சந்தேகிக்கப்படுவது வளர்ச்சி ஹார்மோன் ஊசி. அக்ரோமெகலி நோயில் இதே ஹார்மோன் மிகுந்து இதயம், கல்லீரல் எல்லாம் பெரிதாகும். ஊசி போடுபவர்களுக்கும் அப்படித்தானா என்பது இன்னும் ஊகமே. இன்சுலின் ஊசியையும் ஒரு காரணமாகச் சேர்த்துச் சொல்வார்கள்.

எனக்கென்னவோ சாப்பாட்டைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள் என்று தோன்றுகிறது. போட்டிக்கு முன் சோறும் உருளைக்கிழங்கும் ஏற்றினால் குடலில் உணவும் வாயுவும் நிறையும். களைப்பில் வயிற்றை உள்ளிழுத்துப் பிடிக்கவும் முடியாது. 1970களில் ஃபிராங்க் ஸேன் என்ற பாடிபில்டர் அப்படி உள்ளிழுத்து நிற்பதற்கே பேர்போனவர்.

நாசி லெமாக் ரெண்டு பொட்டலம் உள்ளே போன பிறகு கண்ணாடி பார்க்காதீர்கள், தம்பி.