பத்துமலைக் கொமுட்டர் பாதையை ஒரு சுவரில் கட்டுவது எப்படி?

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். என் தாத்தா செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். மகனுக்கும் ரயில் என்றால் உயிர். இருவருமாகச் சேர்ந்து செந்தூல்–பத்துமலை கொமுட்டர் (மின்சாரப் புறநகர் ரயில்) பாதையை மாடல் ரயிலாகக் கட்ட ஆசைப்படுகிறோம். 3 மீட்டர் நீளச் சுவர் ஒன்று காலியாக இருக்கிறது. அரை மீட்டர் அகலத்துக்கு மேல் வர முடியாது. எந்த ஸ்கேலில், அதாவது நிஜ அளவை எத்தனை மடங்கு சிறிதாக்கித் தொடங்குவது? கேடிஎம் (மலாயா ரயில்வே) வண்டி மாடல் கிடைக்குமா?

பதில்: மிக நல்ல பாதையைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். சிறிய கிளைப்பாதை, ஒரு முனையில் பாதை முடிந்துவிடும், பின்னால் சுண்ணாம்புக்கல் மலை. சுவரை ஒட்டிக் கட்டும் லேஅவுட்டுக்கு (மாடல் ரயில் அமைப்புக்கு) இதைவிடப் பொருத்தமான இடம் கோலாலம்பூரில் எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் முழுப் பாதையையும் கட்ட நினைக்காதீர்கள். செந்தூலிலிருந்து பத்துமலை வரை சுமார் 7 கிலோமீட்டர். 1:150 ஸ்கேலில்கூட அது 45 மீட்டரைத் தாண்டும். பத்து கன்டோன்மென், கம்போங் பத்து, தாமான் வாஹ்யு என எல்லா நிலையங்களையும் 3 மீட்டருக்குள் திணித்தால் எதுவுமே அந்த இடமாகத் தெரியாது. பத்துமலை நிலையம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற நிலையங்களெல்லாம் திரைக்குப் பின்னால் இருக்கட்டும்.

திரைக்குப் பின்னால் என்று சொன்னது நிஜமாகவே ஒரு திரைதான். 3 மீட்டரில் 1.8 மீட்டரைக் காட்சிக்கு வைத்துக்கொண்டு, மீதி 1.2 மீட்டரை மறைவில் விடுங்கள். அங்கே மூன்று நான்கு தண்டவாளங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு வண்டிகளை நிறுத்தி வைக்கலாம். மாடல் ரயில்காரர்கள் இதை ஃபிடில் யார்டு என்பார்கள். வண்டி அங்கிருந்து புறப்பட்டு நிலையத்துக்கு வரும், ஆளை இறக்கும், திரும்பிப் போகும். கொமுட்டருக்கு இரண்டு பக்கமும் ஓட்டுநர் அறை இருப்பதால் என்ஜினைக் கழற்றி மாட்டும் வேலையே இல்லை. காட்சி முடிந்து மறைவு தொடங்கும் இடத்தில் ஒரு சாலை மேம்பாலத்தை வையுங்கள். இந்த ஊரில் அது யாருக்கும் வித்தியாசமாகப் படாது. தண்டவாளத்தைப் பலகை விளிம்புக்கு இணையாகப் போடாமல் லேசாகச் சாய்த்துப் போட்டால் இடம் பெரிதாகத் தெரியும்.

இனி ஸ்கேல். கேடிஎம் ஓடுவது மீட்டர் கேஜில், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 1,000 மில்லிமீட்டர். சந்தையில் தாராளமாகக் கிடைக்கும் மாடல்களோ பெரும்பாலும் 1,435 மில்லிமீட்டர் பாதைக்கு அளவெடுத்தவை. கேஜ் துல்லியமாக வேண்டுமென்றால் 1:87 ஸ்கேலில் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் இருக்கிறது. சுவிஸ் மீட்டர் கேஜ் ரயில்களுக்காகச் செய்வது. ஆனால் அந்த ஸ்கேலில் 20 மீட்டர் நீளப் பெட்டி ஒன்று 23 சென்டிமீட்டர். ஆறு பெட்டி கொமுட்டர் உங்கள் சுவரில் பாதியைத் தின்றுவிடும்.

ஆகவே ஜப்பானிய 'என்' ஸ்கேலுக்குப் போங்கள்: 1:150, 9 மில்லிமீட்டர் தண்டவாளம். கணக்குப்படி மீட்டர் கேஜ் 6.7 மில்லிமீட்டர்தான் வர வேண்டும், ஆக உங்கள் தண்டவாளம் அகலம் கூடித்தான் நிற்கும். 6.5 மில்லிமீட்டர் 'இசட்' தண்டவாளத்தைப் போட்டுச் சக்கரங்களை மாற்றுகிறவர்களும் உண்டு. மகனோடு கட்டும் முதல் லேஅவுட்டுக்கு அந்தப் பாடு வேண்டாம். பலகையைத் தரையிலிருந்து 120 சென்டிமீட்டர் உயரத்தில் மாட்டினால் ரயிலைப் பக்கவாட்டில்தான் பார்ப்பீர்கள். பக்கவாட்டில் கேஜ் தெரியாது. காட்டோ நிறுவனத்தின் இரட்டைத் தண்டவாளத்தில் கான்கிரீட் ஸ்லீப்பர் (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டை) வகை இருக்கிறது. இன்றைய பத்துமலைப் பாதைக்கு அது பொருந்தும்.

பெரிய நிறுவனங்களின் பட்டியலில் கேடிஎம் கொமுட்டரைத் தேடி மாதங்களைக் கடத்த வேண்டாம். 20 மீட்டர் பெட்டிக்கென்று டோமிடெக் நிறுவனம் விற்கும் மோட்டார் அடிச்சட்டத்தை வாங்கி, அதன்மேல் 3டி பிரிண்ட் செய்த உடலைப் பொருத்துவதுதான் நடக்கிற வழி. முதலில் ஹுண்டாய் செய்த 83 வகை மூன்று பெட்டி வண்டியைச் செய்யுங்கள். மூன்றும் சேர்ந்து 45 சென்டிமீட்டருக்குள் அடங்கும். ஆறு பெட்டி 92 வகையை அப்புறம் பார்க்கலாம்.

வண்டி செய்யும் முன், எந்த ஆண்டைக் காட்டுவது என்று முடிவு செய்துவிடுங்கள். பலர் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். பிறகு வண்டி ஒரு காலத்தையும் நிலையம் இன்னொரு காலத்தையும் காட்டும். மின்மயமான கொமுட்டர் பத்துமலைக்கு வந்தது 2010 ஜூலையில். மகளிர் பெட்டி அதே ஆண்டு ஏப்ரலில் தொடங்கியது. மூன்று பெட்டி வண்டியில் நடுப்பெட்டிக்கு இளஞ்சிவப்பு அடையாளம் ஒட்ட வேண்டும். 92 வகை ஓடத் தொடங்கியது 2012இல். 2016 டிசம்பர் வரை பத்துமலை வண்டியின் சேருமிடப் பலகையில் போர்ட் கிளாங், அதற்குப் பிறகு பூலாவ் செபாங். மலைக்கோயிலின் 272 படிகளுக்கு வண்ணம் அடித்தது 2018இல். நான் கட்டுவதாக இருந்தால் 2013ஐ எடுப்பேன். பழைய வண்டி, புதிய வண்டி இரண்டையும் நிறுத்தலாம். மகனிடமும் கேட்டுப் பாருங்கள்.

எல்லாரும் தடுமாறும் இடம் முருகன் சிலைதான். 42.7 மீட்டர் உயரச் சிலை 1:150இல் 28 சென்டிமீட்டருக்கு மேல் வரும். பின்னால் மலை அதைவிட உயர வேண்டும், அரை மீட்டர் அகலப் பலகையில் அது ரயிலை விழுங்கிவிடும். தூரத்தில் இருப்பதுபோல் காட்ட, சிலையை 1:300இல் செய்து பின்திரையை ஒட்டி வைக்கலாம். 14 சென்டிமீட்டர் போதும். என் விருப்பம் வேறு. கொமுட்டரிலிருந்து இறங்கிக் கோயிலுக்கு நடந்தால் நம்மை முதலில் வரவேற்பது நிலையத்துக்குப் பக்கத்தில் நிற்கும் பச்சை ஆஞ்சநேயர். சுமார் 15 மீட்டர் உயரம், ஆக உங்கள் ஸ்கேலில் சரியாக 10 சென்டிமீட்டர். ஒரு அளவும் குறைக்காமல் அவரை அப்படியே நிறுத்தலாம். ரயிலில் பத்துமலைக்குப் போய்வந்த எவரும் பார்த்தவுடனே இடத்தைச் சொல்லிவிடுவார்கள்.

மலைக்குக் கடையில் விற்கும் பாறை அச்சுகளை வாங்காதீர்கள். அவை பெரும்பாலும் வெளிநாட்டு மலைப் பாறைகளைப் பார்த்துச் செய்தவை. நம் சுண்ணாம்பு மலை செங்குத்தாக எழும், சில இடங்களில் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும், கீழே குடைந்திருக்கும். கெட்டியான இன்சுலேஷன் ஃபோம் பலகையை நிமிர்த்தி வைத்து, கம்பி பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகக் கீறுங்கள். சாம்பல் கலந்த வெள்ளை அடித்து, காய்ந்ததும் மழைநீர் வழிந்த கறுப்புக் கோடுகளையும் அங்கங்கே துருநிறத்தையும் மெல்லிய பூச்சாக விடுங்கள். செடி உச்சியிலும் இடுக்குகளிலும் மட்டும். அடிவாரத்தில் வாழையும் லாலாங் புல்லும் இருந்தால் அது நம் மண்.

மின்கம்பங்களை நட்டால் போதும், மேலே கம்பி இழுக்க வேண்டாம். அந்த ஸ்கேலில் கம்பி தலைமுடி போல மெல்லியதாக இருக்க வேண்டும். இழுத்தால் வண்டியைத் தொட்டு எடுக்கும்போதெல்லாம் அறுந்துவிடும். கம்பங்களைச் சுமார் 35 சென்டிமீட்டருக்கு ஒன்றாக வையுங்கள்.

நம் ஊர் ஈரத்தை மறந்துவிடாதீர்கள். மரத்தூளை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை ஊதிப்போகும். பிளைவுட் எடுத்து எல்லாப் பக்கமும், அறுத்த விளிம்பு உட்பட, பெயின்ட் அடித்து மூடுங்கள். இயற்கைப் பாசி ஒட்டினால் பூஞ்சை பிடிக்கும். சமையல் எண்ணெய்ப் புகையும் சாம்பிராணிப் புகையும் தண்டவாளத்தில் படிந்து மின்சாரத்தைத் தடுக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் ஓட்டுவதற்கு முன் ஒருமுறை துடைத்தால் சரியாகிவிடும்.

கடைசியாக, இதை எச்சரிக்கையாகவே சொல்கிறேன். ஜப்பானிலிருந்து நேராக வரவழைக்கும், ரயிலுக்கு மின்சாரம் தரும் பவர் பேக் அல்லது அடாப்டர் 100 வோல்ட்டுக்கு மட்டும் செய்ததாக இருக்கலாம். நம் வீட்டுச் சுவரில் வருவது 230–240 வோல்ட். பிளக்கில் ஒரு மாற்றியை மாட்டுவதால் வோல்டேஜ் குறையாது, கருவி எரிந்துவிடும். அடாப்டரின் அடியில் அச்சிட்டிருப்பதை மகனையே படிக்கச் சொல்லுங்கள். 100–240 என்று இருந்தால் நேரே சொருகலாம். 100 மட்டும் இருந்தால், அதற்கேற்ற ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும் வரை சொருக வேண்டாம்.