தன் ட்யூனைத் தானே சுட்டவர்

கே: சார், 'காட்ஃபாதர்' இசை சுட்ட ட்யூன் என்று ஆஸ்கர் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டார்களாமே, நிஜமா?
(கும்பகோணம் வாசகர்)

ப: தூக்கியது நிஜம். ஆனால் படத்தின் இசையமைப்பாளர் நீனோ ரோட்டா சுட்டது தன்னிடமிருந்தேதான்! 1958-இல் 'ஃபார்ச்சுனெல்லா' என்ற இத்தாலியப் படத்துக்குத் தான் போட்ட ஒரு மெட்டை, 14 வருஷம் கழித்து 'காட்ஃபாதர்' காதல் மெட்டாகக் கொண்டுவந்துவிட்டார். பழைய படத்தில் அது சர்க்கஸ் பேண்டு மாதிரி குதித்துக்கொண்டு ஓடும். அதே ஸ்வரங்களை நிதானமாக இழுத்து, மாண்டலின் சேர்த்து, சிசிலிக் காட்சிகளில் வைத்தால் நெஞ்சைப் பிசைகிறது. வேகத்தைக் குறைத்தாலே ஒரு மெட்டின் குணம் இப்படித் தலைகீழாகுமா என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். ஆஸ்கர் தரும் அகாடமிக்கு அந்த ரசனையெல்லாம் கிடையாது, முன்பே வந்த மெட்டு என்று நீக்கிவிட்டது. சரி, விருது யாருக்குப் போயிற்று? சாப்ளினின் 'லைம்லைட்' படத்துக்கு! அது 1952-இல் வந்த படம், லாஸ் ஏஞ்சலஸ் தியேட்டருக்கு 1972-இல்தான் வந்தது என்பதால் போட்டியில் சேர்த்துக்கொண்டார்கள். 20 வருஷப் பழைய இசை புதுசு, 14 வருஷப் பழைய மெட்டு பழசு. என்ன கணக்கோ! அப்புறம் இரண்டாம் பாகத்துக்கு இயக்குநர் கொப்போலாவின் அப்பா கார்மைன் கொப்போலாவோடு சேர்த்து ரோட்டாவுக்கு ஆஸ்கர் கொடுத்தார்கள். முதல் பாகத்து மெட்டுகள் அதிலும் தலைகாட்டும்.

கே: ரோட்டாவுக்கு சினிமாதான் முழுநேரத் தொழிலா?
(திருச்சி வாசகி)

ப: இல்லை, அவர் இசை வாத்தியார். 1950 முதல் கால் நூற்றாண்டுக்கு மேல் இத்தாலியின் பாரி நகர இசைக் கல்லூரிக்கு இயக்குநர். பிரபல இசைக்குழு நடத்துநர் ரிக்கார்டோ மூட்டி அங்கே படித்தவர்தான். ஓபரா என்னும் இசை நாடகங்களும் எழுதியிருக்கிறார். 1911-இல் மிலானில் பிறந்தவர், 11 வயதிலேயே ஆரட்டோரியோ (பாடகர்களும் இசைக்குழுவும் சேர்ந்து, நடிப்பில்லாமல் பாடும் பக்திக் கதை) எழுதிய பையன்.

கே: ஃபெலினி படங்களில் எதைக் கேட்கலாம்?
(மதுரை வாசகர்)

ப: இத்தாலிய இயக்குநர் ஃபெலினியும் ரோட்டாவும் 1952-இல் சேர்ந்தவர்கள், 1979-இல் ரோட்டா இறக்கும்வரை பிரியவில்லை. நீங்கள் 'எட்டரை' படத்தின் கடைசி சில நிமிஷங்களிலிருந்து ஆரம்பியுங்கள். கோமாளி வேஷத்தில் நாலைந்து பேர் வாசித்துக்கொண்டு வருகிறார்கள், படத்தில் வந்த அத்தனை பேரும் கைகோத்து வட்டமாகச் சுற்றுகிறார்கள், மெட்டும் ஏறிக்கொண்டே போகிறது. பிறகு எல்லோரும் போய்விட, வெள்ளை உடுப்பில் ஒரு சின்னப் பையன் மட்டும் வெளிச்சத்தில் நின்று குழல் ஊதுகிறான். விளக்கும் அணைகிறது.