விலைப்பட்டியலில் 4,200 யூரோ, கரை திரும்பும்போது எவ்வளவு?

கேள்வி: வரும் செப்டம்பரில் அம்மாவின் 70வது பிறந்தநாளுக்காகக் குடும்பத்தோடு குரோஷியா போகிறோம். மொத்தம் எட்டுப் பேர். அம்மா மட்டும் சென்னையிலிருந்து வருகிறார், மற்ற எல்லோரும் லண்டன். அங்கே ஸ்ப்ளிட் என்ற கடற்கரை நகரத்துப் பக்கம் ஒரு பாய்மரப் படகு வாரத்துக்கு 4,200 யூரோ என்று ஒரு ஏஜென்சி சொல்கிறது. நான்கு அறை, '8+2 பேர்' என்று போட்டிருக்கிறார்கள். எங்களில் யாருக்கும் படகு ஓட்டத் தெரியாது. ஸ்கிப்பரைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாமாம். தலைக்கு 525 யூரோதானே, ஹோட்டலைவிட மலிவு என்று கணவர் துள்ளுகிறார். பணம் கட்டலாமா? (வாசகி, ஹாரோ)

பதில்: துள்ளட்டும், தப்பில்லை. ஆனால் 4,200 என்பது படகைக் கரையில் கட்டிவைத்துப் பார்ப்பதற்கான விலை. கயிற்றை அவிழ்த்துக் கடலில் விட இன்னும் நிறைய இருக்கிறது.

முதலில் படுக்கைக் கணக்கு. '8+2' என்றால் நான்கு அறைகளில் எட்டுப் பேர். மீதி இரண்டு இடம், நடுக்கூடத்தில் இருக்கும் சாப்பாட்டு மேசையை இறக்கி மேலே மெத்தை போட்டால் கிடைப்பது. நீங்கள் எட்டுப் பேரும் அறைகளை நிரப்பிவிட்டால் ஸ்கிப்பர் எங்கே தூங்குவார்? அந்த மேசை மேல்தான். அடுப்பும் அதே கூடத்தில்தான். காலை ஆறு மணிக்கு அம்மா காபி போட எழுந்தால், போர்வைக்குள் இருக்கும் ஓர் அந்நிய ஆளின் காலடியில் நின்றுகொண்டுதான் பால் காய்ச்ச வேண்டும். தனி அறை இல்லாமல் வரமாட்டேன் என்று சொல்லும் ஸ்கிப்பர்கள் நிறையப் பேர். ஆகவே ஐந்து அறைப் படகு கேளுங்கள், அல்லது படகின் மூக்கில் மாலுமிக்கென்று சின்ன அறை இருக்கிறதா என்று கேளுங்கள். இதை ஏஜென்சி தானாகச் சொல்லாது.

அடுத்தது பணக் கணக்கு. என் தோராயம் இது. ஸ்கிப்பர் நாளுக்கு 200 யூரோ என்றால் ஏழு நாளுக்கு 1,400, அவருடைய சாப்பாடும் உங்கள் பொறுப்பு. 'டிரான்சிட் லாக்' அல்லது 'கம்ஃபர்ட் பேக்கேஜ்' என்று ஒன்று வரும். கடைசி நாள் துப்புரவு, படுக்கை விரிப்பு, சமையல் கேஸ் எல்லாம் அதில்தான். பெயர்தான் சொகுசு, வேண்டாம் என்று சொல்ல முடியாது. அதற்கு 280 வைத்துக்கொள்ளுங்கள். டீசல் 200. முதல் இரவும் கடைசி இரவும் பெரும்பாலும் புறப்படும் மரினாவிலேயே (படகுகள் கட்டி நிற்கும் துறை), வாடகையில் அடங்கிவிடும். நடுவில் ஐந்து இரவு. இரண்டு இரவு மரினாவில் 110 வீதம், இரண்டு இரவு கடலில் மிதவையில் படகைக் கட்டி 50 வீதம், ஓர் இரவு சாப்பிடும் உணவகத்தின் துறையில் இலவசமாக என்று போட்டால் 320. டெபாசிட்டுக்கான காப்புக் கட்டணம் 350. கூட்டுங்கள்: 6,750. தலைக்குக் கிட்டத்தட்ட 844 யூரோ. இதில் விமானம் இல்லை, சுற்றுலா வரி இல்லை, சாப்பாடு இல்லை, ஐந்தாவது அறைக்கான கூடுதல் வாடகையும் இல்லை. அப்படியும் எனக்கு இது மோசமான பேரமாகத் தோன்றவில்லை. 525 என்று நினைத்துக்கொண்டு போனால்தான் மோசம்.

டெபாசிட் என்றேன் அல்லவா, அதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். இந்த அளவுப் படகுக்கு 2,500 யூரோ வாக்கில் கேட்பார்கள். பெரும்பாலும் கிரெடிட் கார்டில்தான் முடக்கிவைப்பார்கள், டெபிட் கார்டை ஏற்காத இடங்கள் உண்டு. கார்டில் அவ்வளவு வரம்பு இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பாருங்கள், மரினா கவுன்டரில் போய் நின்று பார்க்காதீர்கள். காப்புக் கட்டணம் கட்டினால் இந்தத் தொகை இல்லாமல் போகும் அல்லது குறையும், ஆனால் கட்டியது திரும்பி வராது. இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: ஸ்கிப்பர் ஓட்டும்போது இடித்தாலும், பல ஒப்பந்தங்களில் பிடித்தம் உங்கள் டெபாசிட்டில்தான். 'நிறுவனம் தரும் ஸ்கிப்பர் செய்யும் சேதம் யார் தலையில்?' என்று ஒரே ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லாகக் 'கவலைப்படாதீங்க' என்றால்தான் கவலைப்படவேண்டும்.

அம்மாவுக்கு முழங்கால் எப்படி? அங்கே படகுகளைப் பின்பக்கமாகத்தான் கரைக்குக் கட்டுவார்கள். படகுக்கும் கரைக்கும் நடுவில் ஓர் அடி அகலப் பலகை. அலை வரும்போது பலகை மெல்ல ஏறி இறங்கும், பிடித்துக்கொள்ள ஒரு கயிறு இருந்தால் அதிர்ஷ்டம். தினமும் இரண்டு முறையாவது அதில் நடக்கவேண்டும். உள்ளே இறங்கும் படியும் செங்குத்து, ஏணி மாதிரி. பாய் விரித்தால் படகு ஒரு பக்கம் சாயும், அது பழுது இல்லை, அப்படித்தான் ஓடும். இரட்டை உடல் கொண்ட கேட்டமரான் சாயாது, தளமும் கூடமும் ஒரே மட்டத்தில் இருக்கும், 70 வயதுக்கு அதுதான் சுகம். ஆனால் வாடகை எகிறும், மரினாக் கட்டணமும் கூடுதல். என்னைக் கேட்டால், வாரத்தைக் குறைக்க முடியாத இந்தத் தொழிலில் படகைச் சின்னதாக்கி மிச்சம் பிடிப்பதைவிட, ஜூலையிலிருந்து செப்டம்பர் பிற்பாதிக்குத் தேதியை நகர்த்தி மிச்சம் பிடிப்பதே புத்திசாலித்தனம். நீங்கள் ஏற்கனவே செப்டம்பர்தான். கடைசி இரண்டு வாரத்துக்குக் கேட்டமரான் விலை கேட்டுப் பாருங்கள்.

விசா. குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கன் பகுதி, அன்றிலிருந்தே யூரோவும். அம்மா பிரிட்டன் விசிட்டர் விசாவில் லண்டன் வந்திருந்தாலும் அது ஸ்ப்ளிட்டில் செல்லாது. ஷெங்கன் விசாவை ஊரிலேயே எடுக்கவேண்டும், பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். படகு ஒப்பந்தத்தில் பாதிப் பணம் முன்பதிவின்போது, மீதி புறப்பட நாலைந்து வாரம் முன்பு என்பதுதான் வழக்கம். விசா மறுத்தால் பணம் திரும்பாது. எனவே மீதியைக் கட்டும் தேதிக்கு முன்னால் விசா கையில் இருக்கவேண்டும். உங்களுடையவை பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுகள் என்றால் விசா வேண்டாம். ஆனால் நுழையும் நாளில் அவை கொடுத்துப் பத்து வருடம் ஆகியிருக்கக் கூடாது, திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் செல்லுபடியாகவும் வேண்டும்.

கடைசியாக, எப்படிக் கட்டுவது. பிரிட்டிஷ் கிரெடிட் கார்டு என்றால் 1974ஆம் ஆண்டுக் கடன் சட்டத்தின் 75வது பிரிவு உங்கள் பக்கம்: 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரையான வாங்கலில், விற்றவர் ஏமாற்றினால் கார்டு நிறுவனமும் பொறுப்பு. பணம் இடைத்தரகர் கைக்குப் போனால் இந்தப் பாதுகாப்பு அறுந்துபோகலாம் என்பதால், ஒப்பந்தத்தில் இருக்கும் பெயரும் பணம் வாங்கும் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். வங்கிப் பரிமாற்றம்தான் வழி என்றால், 'எங்கள் கணக்கு எண் மாறிவிட்டது' என்று நடுவில் வரும் மின்னஞ்சலை நம்பாதீர்கள். அவர்கள் தளத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே போன் போட்டு, கணக்கு எண்ணைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அப்புறம், ஒவ்வொரு படகுக்கும் ஒரு பெயர் உண்டு. பெயர், கட்டிய ஆண்டு, நிற்கும் மரினா மூன்றையும் கேட்டு வாங்கி இணையத்தில் தேடுங்கள். அதே படகு நாலு ஏஜென்சியில் நாலு விலைக்கு நிற்பதைப் பார்ப்பீர்கள். பேரம் பேச அதைவிட நல்ல ஆயுதம் இல்லை.

கேள்வி: ஏழு நாளில் ஸ்ப்ளிட்டிலிருந்து டுப்ரோவ்னிக் போய்த் திரும்ப முடியுமா? காற்று, மழை என்றால் பணம் திரும்பக் கிடைக்குமா? (வாசகர், பாரிஸ்)

பதில்: இரண்டாவதற்கு முதலில்: கிடைக்காது. வானிலை உங்கள் பொறுப்பு.

டுப்ரோவ்னிக் போகலாம், ஆனால் வழியில் எதையும் பார்க்க முடியாது. ஏழு நாள் என்று எழுதியிருப்பது ஏழு நாள் இல்லை. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத்தான் படகு கைக்கு வரும், வெள்ளிக்கிழமை மாலையே மரினாவுக்குத் திரும்பிவிடவேண்டும், சனி காலை ஒன்பதுக்கு இறங்கவேண்டும். வெள்ளி மதியம் எல்லாப் படகும் டீசல் நிரப்ப ஒரே பங்க்கில் வரிசை கட்டும், அதில் ஒன்றிரண்டு மணி நேரம் போகும். ஆக உங்களுக்கு இருப்பது ஐந்தரை நாள். டுப்ரோவ்னிக் ஒரு வழிக்கே 100 கடல் மைலுக்கு மேல். படகின் வேகம் மணிக்கு ஐந்து, ஆறு மைல். போக வர நாற்பது மணி நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கலாம். கட்டாயம் டுப்ரோவ்னிக்தான் என்றால் ஒரு வழிப் பயணமாகக் கேளுங்கள், அதற்குத் தனிக் கட்டணம் வாங்குவார்கள்.

குரோஷியாவில் ஆயிரத்துக்கு மேல் தீவும் திட்டும் இருக்கின்றன, மக்கள் வாழ்வது ஐம்பது போலத்தான். ஸ்ப்ளிட்டைச் சுற்றி இருப்பவையே ஒரு வாரத்துக்குப் போதும். முதல் நாள் பிராச் தீவின் மில்னா. அடுத்து விஸ். 1989 வரை ராணுவத் தீவாக வெளிநாட்டவருக்கு மூடப்பட்டிருந்ததால் ஹோட்டல்கள் மொய்க்கவில்லை. அதன் மேற்குக் கரையில் கொமிஷா ஊர், எதிரே பிஷேவோ தீவின் நீலக் குகை. அங்கே உங்கள் படகு உள்ளே போகாது. டிக்கெட் வாங்கி அவர்கள் சிறு படகில், தலையைக் குனிந்துகொண்டு நுழையவேண்டும். வெளிச்சம் கீழிருந்து நீலமாக எழும்புவது முற்பகல் பதினொன்று பன்னிரண்டு மணிக்குத்தான், மூன்று மணிக்குப் போய் ஏமாறாதீர்கள். அலை அதிகமென்றால் குகையை மூடிவிடுவார்கள். திரும்பும் வழியில் ஹ்வார் தீவுக்கு எதிரே இருக்கும் பக்லேனி தீவுகள், பிறகு கிரேக்கர்கள் கி.மு. 384இல் குடியேறிய ஸ்டாரி கிராட், கடைசியாக ஷோல்டா.

காற்றில் மூன்று பெயர் தெரிந்தால் போதும். கோடை மதியங்களில் வடமேற்கிலிருந்து வரும் மயெஸ்த்ரால் நல்ல பிள்ளை, அதை நம்பித்தான் பாய் விரிப்பார்கள். யூகோ தென்கிழக்கிலிருந்து புழுக்கத்தோடும் உயர்ந்த அலையோடும் வரும். பூரா வடகிழக்கிலிருந்து மலை இறங்கி வரும் குளிர்காற்று, நம் வாடைக்காற்றின் முரட்டு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வானம் பளிச்சென்று இருக்கும்போதே அடித்துப் புரட்டும். இன்று போகவேண்டாம் என்று ஸ்கிப்பர் சொன்னால் அதோடு சரி, காசு கொடுத்தவன் நான் என்று வாதாடாதீர்கள்.

சாப்பாட்டில் ஓர் எச்சரிக்கை. விரிகுடாக்களில் 'கொனோபா' எனும் குடும்ப உணவகங்கள் உண்டு. சாப்பிட்டால் படகு கட்ட இலவசம். இரும்பு மூடியின் மேல் தணலைக் கொட்டி ஆக்டோபஸோ ஆட்டுக்கறியோ சமைக்கும் 'பெக்கா'வை சில மணி நேரம் முன்னமே போனில் சொல்லவேண்டும். அது பிரமாதம். மீன்தான் பர்ஸைப் பிடிக்கும். தட்டில் பனிக்கட்டி மேல் மீனை அடுக்கிக் கொண்டுவந்து காட்டுவார்கள், நீங்களும் 'இது, அது' என்று கை நீட்டுவீர்கள். மெனுவில் விலை கிலோவுக்கு. சமைக்கும் முன் நிறுத்துப் பார்த்து மொத்தம் எத்தனை யூரோ என்று கேட்டுவிடுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கேள்வி: ஆகஸ்டில் போய் வந்தோம். படகைத் திருப்பிக் கொடுத்தபோது பின்பக்கம் கீறல் என்று 600 யூரோ பிடித்துவிட்டார்கள். அது நாங்கள் ஏறும்போதே இருந்தது. என்ன செய்யலாம்? (வாசகர், டோர்ட்முண்ட்)

பதில்: ஏறும்போது எடுத்த படம் இருக்கிறதா என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. எனக்கும் இது நடந்திருக்கிறது. படகைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும் தாளைக் கொடுத்தபோது வெயில், பசி, குழந்தைகள் தண்ணீரில் குதிக்கத் தயார். இரண்டு பக்கத் தாளில் கண்ணை மூடிக்கொண்டு டிக் போட்டேன். ஒரு வாரம் கழித்து, கூட வரும் ரப்பர் படகின் மோட்டார் விசிறியில் ஒரு பல் உடைந்திருப்பதாகச் சொன்னார்கள். நான் அந்த மோட்டாரைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பார்த்ததே இல்லை, எனவே மறுக்கவும் முடியவில்லை. அதிலிருந்து படகைச் சுற்றி ஒரு வீடியோ, மோட்டாரைத் தூக்கி ஒரு படம், பாய்கள், நங்கூரச் சங்கிலி, தட்டு டம்ளர் வரை. திரும்பும்போது முங்குபவர் ஒருவர் படகின் அடிப்பாகத்தைப் பார்ப்பார். பார்த்துவிட்டுச் சொல்வதை உடனே எழுதி வாங்குங்கள்.

உங்கள் விஷயத்தில்: பிடித்ததற்கு விவரமான பில் கேளுங்கள், பழுது பார்த்த ரசீதோடு. கிரெடிட் கார்டில் எடுத்திருந்தால் வங்கியிடம் மறுப்புப் பதிவு செய்யுங்கள், தள்ளிப் போட்டால் காலக்கெடு முடிந்துவிடும். ஜெர்மனியில் இருப்பதால் கேல் நகரில் உள்ள ஐரோப்பிய நுகர்வோர் மையத்துக்கு எழுதலாம். இன்னொரு ஐரோப்பிய ஒன்றிய நாட்டு வியாபாரியோடு வரும் தகராறுகளுக்கென்றே உள்ளது, கட்டணம் இல்லை. அவர்கள் குரோஷியாவிலிருக்கும் சக மையம் மூலம் நிறுவனத்தைத் தொடர்புகொள்வார்கள். ஐரோப்பிய ஆணையத்தின் இணையத் தகராறு மேடை 2025 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது, பழைய கட்டுரைகளைப் படித்து அதைத் தேடி அலையாதீர்கள்.

கேள்வி: பாய்மரப் படகு ஓட்டும் பயிற்சி முடித்துவிட்டேன். ஸ்கிப்பர் இல்லாமல் நானே எடுக்கலாமா? (வாசகர், பர்மிங்காம்)

பதில்: பயிற்சி முடித்த தாள் மட்டும் போதாது. எந்தெந்த நாட்டுச் சான்றிதழ் செல்லும் என்று குரோஷியக் கடல்துறை அமைச்சகம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. சர்வதேசத் திறன் சான்றிதழான ஐசிசி, பாய்மரத்துக்கானது, அதில் செல்லும். கூடவே, கடலில் படகுகள் பேசிக்கொள்ளும் விஎச்எஃப் ரேடியோவுக்கான சான்றிதழும் வேண்டும். பலர் கோட்டைவிடுவது இதில்தான். இரண்டையும் ஸ்கேன் செய்து முன்பதிவுக்கு முன்பே அனுப்பி, ஏற்கிறோம் என்று எழுதி வாங்குங்கள். அசலைக் கையோடு எடுத்துப் போங்கள். இல்லாவிட்டால் சனிக்கிழமை மாலை மரினாவில் கடைசி நேர ஸ்கிப்பரை, அவர் சொல்லும் விலைக்கு, நீங்கள்தான் தேடவேண்டியிருக்கும்.