தரவரிசைக்கும் விருப்பப் பட்டியலுக்கும் இடையில்: பொறியியல் கலந்தாய்வு கேள்வி-பதில்

பொறியியல் சேர்க்கை தொடர்பாக வந்த கடிதங்களில், பலருக்கும் பொதுவான ஐயங்களை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

என் மகள் பிளஸ் டூவில் 600-க்கு 544 மதிப்பெண் பெற்றிருக்கிறாள். கட்-ஆஃப் 171 தான் வருகிறது என்கிறார்கள். எங்கேயோ தவறு நடந்திருக்கிறதா? – ஒரு தந்தை, அரியலூர்

தவறு இருக்க வாய்ப்பில்லை. பொறியியலுக்குக் கணித மதிப்பெண் 100-க்கு அப்படியே எடுத்துக்கொள்ளப்படுகிறது. இயற்பியலும் வேதியியலும் தலா 50-ஆகச் சுருக்கப்பட்டு, மொத்தம் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. கணிதத்தில் 82, இயற்பியலில் 88, வேதியியலில் 90 என்றால் 82 + 44 + 45 = 171. தமிழிலும் ஆங்கிலத்திலும் கணினி அறிவியலிலும் அவர் எவ்வளவு உயர்வாகப் பெற்றிருந்தாலும் அவை இந்தக் கூட்டலுக்குள் வருவதில்லை. இளைய பிள்ளை பிளஸ் ஒன்னில் இருந்தால், கணிதத்தில் கூடும் ஒரு மதிப்பெண் இயற்பியலில் கூடும் இரண்டு மதிப்பெண்ணுக்குச் சமம் என்பதை இப்போதே சொல்லிவையுங்கள்.

எட்டாத கல்லூரிகளை விருப்பப் பட்டியலின் மேலே வைத்தால், கிடைக்கக்கூடியதும் கைநழுவிப் போகும் என்று பக்கத்து வீட்டார் எச்சரிக்கிறார். உண்மையா? – ஒரு தாய், நாமக்கல்

உண்மையில்லை. ஆனால், ஆண்டுதோறும் தவறாமல் வரும் கேள்வி இதுதான். கட்-ஆஃப் அடிப்படையில் அமையும் தரவரிசையில் உங்கள் மகனின் முறை வரும்போது, மென்பொருள் அவருடைய பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு வரும். பொதுப் பிரிவிலோ அவருடைய வகுப்புப் பிரிவிலோ இடம் காலியாக உள்ள முதல் விருப்பத்தை ஒதுக்கிவிட்டு அங்கேயே நின்றுவிடும். எட்டாத பத்துக் கல்லூரிகள் மேலே இருந்தாலும் அவற்றைத் தாண்டி வருவதால் அவருக்கு எந்த இழப்பும் இல்லை. இழப்பு நேர்வது வேறு மூன்று இடங்களில்.

முதலாவது, பட்டியலை மிகக் குறுகியதாக முடித்துக்கொள்வது. பதினைந்து விருப்பங்களும் கைகூடாமல் போனால் அந்தக் கலந்தாய்வுச் சுற்றில் வெறுங்கையோடு நிற்க நேரிடும். இரண்டாவது, பெயரைப் பார்த்து ஏமாறுவது. ஒரே மாதிரிப் பெயர் கொண்ட கல்லூரிகள் நம் மாநிலத்தில் ஏராளம் என்பதால், பெயரை நம்பாமல் குறியீட்டு எண்ணையும் ஊரையும் ஒப்பிட்டுப் பதிவு செய்யுங்கள். மூன்றாவதுதான் அதிகம் பேர் கவனிக்காதது. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும், அதை ஏற்றுக்கொண்டே மேலே உள்ள விருப்பத்துக்கும் காத்திருக்கலாம் என்றொரு வாய்ப்பு உண்டு. அதைத் தேர்ந்தெடுத்த பிறகு மேலே உள்ள இடம் காலியானால் மாணவர் தானாகவே அங்கே மாற்றப்படுவார். முன்பு கிடைத்த இடம் இன்னொருவருக்குப் போய்விடும். ஆகவே, பெயருக்காகச் சேர்த்த, உள்ளபடியே போக விரும்பாத கல்லூரி எதுவும் பட்டியலில் மேலே இருக்கக் கூடாது.

இன்னொன்று: சென்ற ஆண்டின் கட்-ஆஃபை வைத்துக் கணிக்காதீர்கள். வினாத்தாள் எளிதாக அமைந்த ஆண்டில் அதே 171-க்குத் தரவரிசை வெகுவாகப் பின்னுக்குப் போகும். சென்ற ஆண்டு அந்தக் கல்லூரியில் அந்தப் பாடப்பிரிவு எந்தத் தரவரிசையோடு நிறைவடைந்தது என்று பார்ப்பதே ஓரளவு நம்பத்தக்கது.

எனக்கு சிவில் படிக்க ஆசை. அப்பாவோ, சுமாரான கல்லூரியாக இருந்தாலும் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் என்கிறார். – ஒரு மாணவி, விருதுநகர்

உங்கள் அப்பாவின் கவலை வேலையைப் பற்றியது. அதைப் பிடிவாதம் என்று தள்ளிவிடாமல், அவர் கேட்கும் கேள்விகளுக்கு விடையைத் திரட்டிக்கொண்டு போய்ப் பேசுங்கள். நாக் (தேசியத் தர மதிப்பீட்டுக் குழு) சான்று கல்லூரி முழுமைக்கும் தரப்படுவது. என்பிஏ (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரமோ ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாகத் தரப்படுவது. எனவே, நீங்கள் பார்க்கும் கல்லூரியில் சிவிலுக்கு என்பிஏ இருக்கிறதா என்று தனியே கேட்க வேண்டும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் வினாத்தாளும் திருத்தமும் அவர்களுடையவை, பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்துடையது. வேலைவாய்ப்புப் பலகையில் மின்னும் அதிகபட்சச் சம்பளம் ஒரே ஒரு மாணவருடையதாக இருக்கலாம் என்பதால், உங்கள் துறையில் எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, சம்பள வரிசையில் நடுவில் உள்ளவரின் சம்பளம் என்ன என்று கேளுங்கள். அதே கேள்விகளை அப்பா சொல்லும் கல்லூரியின் கம்ப்யூட்டர் துறையிலும் கேட்கச் சொல்லுங்கள். என் கருத்தைக் கேட்டால், ஆசிரியர்கள் நிலையாக இருக்கும் கல்லூரியில் விரும்பிய பாடம் என்பதையே முன்னால் வைப்பேன்.

மகன் தமிழ் வழியில் படித்தவன். கல்லூரியில் ஆங்கிலத்தைக் கேட்டு மிரண்டுவிடுவானோ என்று பயமாக இருக்கிறது. – ஒரு தாய், தருமபுரி

முதல் சில வாரங்கள் கடினமாகத்தான் இருக்கும். இப்போதிருந்து வகுப்பு தொடங்கும் வரை உள்ள இடைவெளியில், ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒன்று செய்யச் சொல்லுங்கள். நம் அரசுப் பாடநூல்கள் இரு மொழிகளிலும் ஒரே உள்ளடக்கம் கொண்டவை. அவர் ஏற்கெனவே தமிழில் படித்துத் தேறிய பிளஸ் டூ இயற்பியலையும் கணிதத்தையும் ஆங்கிலப் பதிப்போடு பக்கம் பக்கமாக வைத்து, நாளொன்றுக்கு ஐந்து பக்கம் படிக்கட்டும். ‘உந்தம்’ என்று அறிந்தது மொமென்டம் ஆகவும், ‘வகையிடல்’ டிஃபரன்சியேஷன் ஆகவும் பழகிவிட்டால் வகுப்பில் பாதிப் பயம் விலகும். முதல் பருவத்தில் அரியர் (தேர்ச்சி பெறாமல் நிற்கும் பாடம்) விழுவது பெரும்பாலும் கணிதத்தில்தான். அதற்கு மொழியைக் குறை சொல்வது பாதி உண்மையே. அண்ணா பல்கலைக்கழகம் 2010 முதல் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழ் வழியிலும் நடத்துகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

நான் கொத்தனார். மகள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தாள். பணத்துக்கு என்ன வழி? – ஒரு தந்தை, கள்ளக்குறிச்சி

ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டின் கீழ் கலந்தாய்வில் இடம் கிடைத்தால், கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவிகளுக்கான புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு. அந்த ஒதுக்கீட்டில் இடம் அமையாவிட்டால், குடும்பத்தில் எவரும் பட்டம் பெறாத நிலையில், முதல் பட்டதாரி சான்றிதழ் கல்விக் கட்டணத்தைக் குறைக்கும். கலந்தாய்வு வழியே சேர்ந்தால்தான் இது செல்லும், கல்லூரி நிர்வாகமே நேரடியாக நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டில் செல்லாது. அந்தச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள். வருவாய்த் துறை கடைசி வாரத்தில் உங்களுக்காக அவசரப்படாது. வங்கிக் கடனைக் கடைசியாக நினையுங்கள். 4 லட்சம் வரை சொத்து அடமானம் தேவையில்லை, படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணையும் கட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்தக் காலத்துக்கும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும்.

விடுதியில் ராகிங் இருந்தால் யாரிடம் சொல்வது? – ஒரு மாணவர், தேனி

விடுதிக் காப்பாளரிடமும் முதல்வரிடமும் எழுத்து வடிவில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். தயக்கமாக இருந்தால் தேசிய உதவி எண் 1800-180-5522-க்குப் பேசலாம். 1996-இல் ஒரு மருத்துவ மாணவர் கொல்லப்பட்டதன் பின், 1997-இல் நம் மாநிலத்தில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு அதில் இடமுண்டு.

சேர்ந்த பிறகு அசல் சான்றிதழ்களைக் கல்லூரியே வைத்துக்கொள்ளலாமா? – ஒரு தந்தை, திருப்பூர்

கூடாது. சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும் என்பதே யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு), ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) ஆகியவற்றின் விதி. கொடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் நான்கைந்து நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; அலுவலகத்தில் ஓரிரு நாள் இருக்கட்டும் என்று சொன்னால், எந்தெந்தச் சான்றிதழ் என்று பட்டியலிட்ட ரசீதை முத்திரையோடு வாங்காமல் வராதீர்கள்.