பாதியில் நின்ற வேலைக்குப் பணம் கேட்கலாமா?

கேள்வி: தக்கலையில் வீட்டிலிருந்தே வெப்சைட் செய்து கொடுக்கிறேன். கன்னியாகுமரியில் விடுதி நடத்தும் ஒருவர் 60,000 ரூபாய்க்குப் பேசினார்: பக்கங்களுக்கு 35,000, ரூம் புக்கிங் பகுதிக்கு 25,000. அட்வான்ஸ் 20,000 தந்தார். பக்கங்கள் முடிந்து, அவர் பயன்படுத்துகிறார். புக்கிங் பாதியில் இருக்கும்போது, "போதும், நிறுத்து" என்றுவிட்டார். பாக்கி கேட்டால், "முடிக்காத வேலைக்கு என்ன காசு?" என்கிறார். அக்ரிமென்ட் கிடையாது, வாட்ஸ்அப் பேச்சு மட்டும்தான்.

பதில்: லிண்டல் மட்டம் வரை சுவர் எழும்பிய பிறகு வீட்டுக்காரர் வேலையை நிறுத்தினால், கொத்தனாருக்கு அதுவரையிலான கூலி இல்லை என்று யாரும் சொல்வதில்லை. உங்கள் வழக்கும் அதுதான். வேலையை நிறுத்தியது யார் என்பதே முக்கியம். நீங்களே பாதியில் போட்டுவிட்டுப் போயிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 53ஆம் பிரிவு, மற்றவரை வேலை செய்யவிடாமல் தடுத்தவர் அதனால் வரும் நஷ்டத்தை ஈடுகட்ட வேண்டும் என்கிறது. எழுத்தில் அக்ரிமென்ட் இல்லாததும் பெரிய தடையில்லை. வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் செல்லும்.

ஆனால் பாக்கி 40,000 முழுவதையும் கேட்காதீர்கள். அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பக்கங்களுக்கு 35,000, பாதி புக்கிங்குக்கு 12,500. மொத்தம் 47,500. அட்வான்ஸ் போக 27,500. இந்தக் கணக்கை யாரிடமும் தைரியமாகக் காட்டலாம். மீதி வேலையில் வந்திருக்கக்கூடிய லாபத்தையும் கேட்க வழி உண்டு, ஆனால் நிரூபிப்பது பெரும்பாடு. விட்டுவிடுங்கள் என்பேன்.

இன்றே இந்தக் கணக்கைப் பில்லாக்கி வாட்ஸ்அப்பிலும் ஈமெயிலிலும் அனுப்பி, 15 நாள் தவணை கொடுங்கள். "சபரிமலை சீசன் முடியட்டும், தருகிறேன்" என்று அவர் பதில் எழுதினால் நல்லது, கடனை ஒப்புக்கொண்டதற்கு அது சாட்சி. வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள், பழைய போனையும் விற்காதீர்கள். ஆனால் சீசன் சீசனாகக் காத்திருக்கவும் வேண்டாம். பொதுவாக, வேலை செய்து கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும்.

தவணை முடிந்தும் பணம் வராவிட்டால் வக்கீல் நோட்டீஸ். அப்புறம் நேரே வழக்குக்கு ஓடாமல், நாகர்கோவிலில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். வழக்குக்கு முந்தைய சமரசமாக லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) வைப்பார்கள், கோர்ட் கட்டணம் கிடையாது. அங்கே ஏற்படும் உடன்பாடு கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீலும் இல்லை. ஒரே சிக்கல், அவரும் வந்து சம்மதிக்க வேண்டும். வராவிட்டால் சிவில் வழக்குதான். போலீஸ் ஸ்டேஷனுக்கு அலைவதில் பயனில்லை, இது பணத் தகராறு.

கோபத்தில், கையில் இருக்கும் பாஸ்வேர்டை வைத்து வெப்சைட்டை முடக்கிவிடாதீர்கள். அது 2000ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் உங்களையே மாட்டிவிடும். ஒப்படைக்காத புக்கிங் பகுதியின் கோடிங்கை மட்டும் பணம் வரும்வரை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

அடுத்த வேலையை ஒப்புக்கொள்ளும் முன், சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு செய்துவிடுங்கள், இலவசம்தான். பதிவு பெற்ற சிறு தொழில்களுக்கு 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடித்தால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்க 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டம் இடம் தருகிறது.