அலமாரியே கதவானால் வாசல் எவ்வளவு அகலம் வேண்டும்?

கேள்வி: கூடத்திலிருந்து என் எழுத்தறைக்குப் போகும் வாசலைப் புத்தக அலமாரியால் மறைக்க ஆசை. அலமாரியே கதவாகக் கூடத்துப் பக்கம் திறக்க வேண்டும். நிலையைக் கழற்றினால் 3 அடி அகலம் கிடைக்கும். 9 அங்குலச் செங்கல் சுவர். அலமாரிக்கு 12 அங்குல ஆழம் வேண்டும், அதற்காகச் சுவரை அரையடி இடிக்க வேண்டும் என்கிறார் ஆசாரி. இடிக்கலாமா?

பதில்: இடிக்க வேண்டாம். ஆழத்தைக் குறையுங்கள்.

ஆசாரியின் கணக்கில் தவறில்லை. சாதாரணக் கதவு திறந்தால் ஒதுங்கிவிடும். அலமாரி ஒரு பெட்டி. 90 பாகை திறந்து நிற்கையில் அதன் ஆழம் முழுவதும் வாசலை அடைத்துக்கொள்ளும். இருபுறமும் முக்கால் அங்குலப் பலகை அடித்தபின் உங்களுக்கு மிஞ்சுவது 34½ அங்குலம். அதில் 12 போனால் 22½. தோளைச் சாய்த்துத்தான் நுழையலாம்.

அடுத்த சிக்கல் மூலை. முகப்பு மூலையில் கீல் இருந்தால், எதிர்ப்பக்கத்துப் பின்மூலை அலமாரியின் அகலத்தைவிடப் பெரிய வட்டம் போடும். 32 அங்குல அகலம், 12 அங்குல ஆழம் என்றால் மூலைவிட்டம் 34 அங்குலத்தைத் தாண்டுகிறது. ஒரு வீட்டில் இதை மறந்து அலமாரியை மாட்டிவிட்டு, அது பாதி மூடியபடி நின்றதும் பின்மூலையைத் தட்டுகளோடு சேர்த்துச் சாய்வாக அறுத்தார்கள். பார்க்கவே வயிறு எரிந்தது.

தமிழ்ப் புத்தகங்களில் பெரும்பாலானவை டெம்மி, கிரவுன் அளவுகளில் வருபவை. டெம்மியின் அகலமே ஐந்தரை அங்குலம்தான். ஆகவே 6½ அங்குல ஆழம் தாராளம். தடித்த அகராதிகளுக்கு வேறு இடம் பாருங்கள். அலமாரியின் அகலம் 33¾ அங்குலம் இருக்கட்டும். மூலைவிட்டம் 34.4 அங்குலத்துக்குள் அடங்கும், 34½ அங்குல வாசலில் இடிக்காது. மிஞ்சும் முக்கால் அங்குல இடைவெளியை முகப்புச் சட்டம் மறைத்துவிடும். நடக்க 28 அங்குலம் கிடைக்கும், அலமாரியும் சுவரின் கனத்துக்குள்ளேயே அடங்கிவிடும்.

அப்படியும் இடிப்பதென்றால் முதலில் வாசலுக்கு மேலே சுவரைத் தாங்கும் லிண்டலைப் பாருங்கள். வாசலுக்கு மட்டும் போட்ட லிண்டல் பெரும்பாலும் பக்கத்துக்கு அரையடிதான் சுவரில் உட்கார்ந்திருக்கும். அந்த அரையடியை இடித்தால் அது அந்தரத்தில் நிற்கும்.

ஆறு தட்டும் நிறைந்தால் பாரம் 100 கிலோவைத் தாண்டும். சாதாரணக் கீல் தாங்காது. தரையிலும் மேலேயும் பிவட், அதாவது அலமாரியைத் தாங்கிச் சுழலவிடும் முளை, வேண்டும். பிவட்டை மூலையிலிருந்து உள்ளே தள்ளினால் மேற்சொன்ன கணக்கு மாறும் என்பதால், அதை வாங்கிய பிறகே அலமாரிக்கு அளவெடுங்கள். அலமாரி சுழலும் இடம் முழுவதும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். டைல்ஸ் ஓரிடத்தில் தூக்கியிருந்தாலும் அடிப்பலகை உரசும். உள்ளேயிருந்து சாவியில்லாமல் திறக்கும் தாழ்ப்பாள் கட்டாயம்.

பலகை வாங்குமுன் 33¾க்கு 6½ அங்குலத்தில் ஓர் அட்டை வெட்டி வாசல் தரையில் வையுங்கள். பிவட் வரும் இடத்தில் விரலை ஊன்றி, ஆசாரியின் முன்னால் சுழற்றிக் காட்டுங்கள்.